கடல் கடந்த கையொப்பம்

கணவன் ஒரு தேசத்திலும் மனைவி ஒரு தேசத்திலுமாகப் பிரிந்திருக்கும் தம்பதிகள் ஒன்றுசேர வேண்டுமானால் விசா வேண்டும். விசா வேண்டுமானால் விவாகம் நடந்ததென்பதற்குச் சர்க்கார் முத்திரை பெற்ற அத்தாட்சி வேண்டும். அந்த அத்தாட்சி வேண்டுமானால் தம்பதிகள் இருவரும் ஒரே மேஜைக்கு முன் வந்து நின்று கையொப்பமிட வேண்டும். அவ்விதம் ஒரே மேஜைக்கு முன் வந்து நிற்கக் கூடியவர்களாயிருந்தால் அவர்கள் விசாவைத் தேடி அலைய வேண்டிய அவசியமே இராது என்பதை நமது உத்தியோகஸ்தர்கள் யோசித்துப் பார்த்ததாகத் தெரியவில்லை. இது அற்ப விஷயமென்று சிலர் நினைக்கக்கூடும். சுதந்திரம் பெற்ற நாட்டில் ஒரு பிரஜையின் குடும்ப வாழ்வு ஒரு குமாஸ்தாவின் மேஜையடியில் சிக்கிக் கிடப்பதை அற்ப விஷயமென்று நாம் கருதவில்லை.

கல்வராயன் மலையடிவாரத்தில், கோமுகி அணைக்கு அருகிலுள்ள கச்சிராயபாளையத்தை எடுத்துக்கொள்வோம். நெல்லும் கரும்பும் மரவள்ளியும் விளையும் பூமி. கூட்டுறவுச் சர்க்கரை ஆலை ஒன்றும் உண்டு. 2019-ம் வருஷம் நவம்பர் மாதத்தில் கள்ளக்குறிச்சி தனி ஜில்லாவானபோது, இனிமேல் எல்லாக் காரியங்களும் வீட்டு வாயிலிலேயே நடந்துவிடும் என்று ஜனங்கள் நம்பினார்கள். அவ்வூரில் ஒரு பெண்ணை, துபாயில் வேலை பார்க்கும் அயலூர் இளைஞன் ஒருவனுக்கு விவாகம் செய்து கொடுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பிள்ளைக்கு முப்பது நாள் லீவு. விமானத்தை விட்டு இறங்கி, பந்தக்கால் நட்டு, பத்திரிகை கொடுத்து, தாலி கட்டி, மறுவீடு போய் வருவதற்குள் லீவில் பாதிக்கு மேல் போய்விடுகிறது. மீதி நாட்களில் குலதெய்வத்துக்குப் பொங்கலிட வேண்டும். பங்காளிகள் வீட்டு விருந்துக்குப் போகவேண்டும். ரிஜிஸ்தர் ஆபீஸ் ஞாபகம் வரும்போது பிள்ளை விமான நிலையத்தில் நிற்கிறான்.

பிறகுதான் சங்கடம் ஆரம்பமாகிறது. 2009-ம் வருஷத்துத் தமிழ்நாடு விவாகப் பதிவுச் சட்டப்படி, எந்த மதத்து விவாகமானாலும் தொண்ணூறு நாட்களுக்குள் பதிவாக வேண்டும். தவறினால் அபராதக் கட்டணத்துடன் இன்னும் அறுபது நாள் அவகாசம் உண்டு. விவாகக் குறிப்பில் கணவன், மனைவி இருவரும் கையெழுத்திட வேண்டும். கணவனோ கடலுக்கு அப்பால் இருக்கிறான். ஒரு வருஷமோ இரண்டு வருஷமோ கழித்துத்தான் மறுபடி லீவு. ஆகவே முதல் லீவில் விவாகம், இரண்டாம் லீவில் பதிவு, மூன்றாம் லீவில் மனைவியை அழைத்துப் போவது என்று குடும்ப வாழ்வு தவணை முறையில் நடக்கிறது.

பதிவு முடிந்துவிட்டால் தொல்லை தீர்ந்ததென்று எண்ணிவிடக் கூடாது. அந்தச் சான்றிதழ் இருநூறு கிலோமீட்டருக்கு மேல் பிரயாணம் செய்து சென்னைக்குப் போகவேண்டும். அங்கே மாகாண சர்க்காரின் அத்தாட்சி; அதன்மேல் இந்திய வெளிநாட்டு இலாகாவின் அத்தாட்சி. 1961-ம் வருஷத்து ஹேக் ஒப்பந்தத்தில் சேர்ந்த நாடுகளுக்கு அப்போஸ்டில் என்னும் ஒரே முத்திரை போதும். இந்தியாவுக்கு அந்த ஒப்பந்தம் 2005-ம் வருஷம் ஜூலை முதல் அமுலுக்கு வந்தது. சிங்கப்பூருக்கு 2021-லும், சவூதி அரேபியாவுக்கு 2022-லும் வந்தது. துபாய் அடங்கிய ஐக்கிய அரபு நாடோ அதில் சேராதது. எனவே அந்நாட்டுத் தூதரகத்தின் முத்திரை ஒன்று, அங்கே போய்ச் சேர்ந்தபின் அந்நாட்டு வெளிநாட்டு இலாகாவின் முத்திரை ஒன்று என்று காகிதம் பருத்துக்கொண்டே போகிறது. கணவன் தன் பக்கத்திலிருந்து சம்பளச் சான்று, வீட்டு வாடகை ஒப்பந்தம் இவற்றை அனுப்ப வேண்டும். மாதம் நாலாயிரம் திர்ஹாம், அல்லது ஜாகையோடு மூவாயிரம் திர்ஹாம், சம்பளமில்லாதவன் மனைவியை அழைத்துக்கொள்ளவே முடியாது. பிரிட்டனில் இருப்பவனுக்கு 2024-ம் வருஷம் ஏப்ரலில் வருஷ வருமானம் 29,000 பவுன் இருக்கவேண்டுமென்று விதித்தார்கள். தங்கள் நாட்டு வாயிலில் யாரை விடுவது என்பது அவர்கள் பாடு. நாம் இங்கே பேசுவது நம் வீட்டுக்குள்ளேயே நாம் போட்டு வைத்திருக்கும் முட்டுக்கட்டைகளைப் பற்றி.

பெயர் விஷயம் ஒன்றைச் சொல்லாமல் மேலே போக மனம் வரவில்லை. தமிழனுக்குக் குடும்பப் பெயர் கிடையாது; தகப்பன் பெயரின் முதலெழுத்துத்தான் உண்டு. பள்ளிக்கூடச் சான்றில் முதலெழுத்து முன்னால் இருக்கும்; பாஸ்போர்ட்டில் அது விரிந்து பின்னால் போய் நிற்கும்; விவாகச் சான்றில் ஒருவேளை கணவன் பெயரின் முதலெழுத்து ஏறியிருக்கும். ஒரே பெண் மூன்று காகிதங்களில் மூன்று ஸ்திரீகளாகி விடுகிறாள்! கச்சிராயபாளையம் என்ற ஊர்ப்பெயரே இங்கிலீஷில் 'ராய' சேர்த்து ஒரு விதமாகவும், பேச்சு வழக்கையொட்டி 'ரா' என்று சுருக்கி ஒரு விதமாகவும் எழுதப்பட்டு வருகிறது. வெளிநாட்டு விசா ஆபீஸில் உட்கார்ந்திருப்பவருக்கு இரண்டும் ஒரே ஊர்தான் என்று எப்படித் தெரியும்? திருத்த வேண்டுமானால் மறுபடியும் மனு. மனுவில் மறுபடியும் இருவர் கையொப்பம். மலைமேலே வெள்ளிமலைப் பக்கத்துக் கிராமங்களில், சாதி வழக்கப்படி அச்சடித்த பத்திரிகைகூட இல்லாமல் நடக்கும் மலையாளி மக்களின் விவாகங்களுக்கு என்ன காகிதத்தைக் காட்டுவது என்பது தனிக் கேள்வி.

இந்தக் காகிதங்களில் கேட்கப்படும் கையொப்பங்களெல்லாம் ஒரே ஜாதியைச் சேர்ந்தவையல்ல. விவாகம் செய்துகொள்ளச் சம்மதம் என்று போடுவது ஒரு கையொப்பம். அதை அவரவரே போடவேண்டும். பெற்றோரோ அண்ணனோ போட முடியாது. அதில் நாம் சற்றும் விட்டுக்கொடுக்க மாட்டோம். ஆனால், நடந்து முடிந்த விவாகம் நடந்ததுதான் என்று போடும் கையொப்பம் சம்மதமல்ல. அது வெறும் சாட்சி. பந்தலில் இருந்த நூறு பேரும், தாலி எடுத்துக் கொடுத்த பெரியவரும், புரோகிதரும், கோயில் ரசீதும் சொல்லக்கூடிய சாட்சி அது. மூன்றாவதாக, மனைவி ஒரு காரியம் செய்யக் கணவன் 'அனுமதிக்கிறேன்' என்று போடும் கையொப்பம். சட்டத்தில் அதற்கு இடமே கிடையாது. நமது ஆபீஸ்கள் இந்த மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டு, மூன்றுக்கும் 'இருவரும் நேரில் வா' என்று ஒரே பதிலைச் சொல்லி வருகின்றன. இந்த வியாசத்தில் நாம் சொல்லும் குறைகளுக்கெல்லாம் வேர் இதுதான்.

விவாகத்துக்கு அத்தாட்சி கேட்டு ஒரு மனைவியைத் துறைமுகத்தில் நிறுத்தி வைப்பது எவ்வளவு பெரிய வினையாக முடியும் என்பதற்குத் தமிழர்களுக்குச் சரித்திரமே சாட்சியாக இருக்கிறது. தென்னாப்பிரிக்காவில் குடியிருந்த இந்திய முஸ்லிம் ஒருவர் இந்தியாவில் மணந்த மனைவியை அங்கே அழைத்துப் போனபோது, அந்த அம்மாளை இறங்கவிட மறுத்தார்கள். வழக்கு கேப் மாகாண சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயிற்று. பலதார விவாகத்துக்கு இடங்கொடுக்கும் மத முறைப்படி நடந்த விவாகம் அந்நாட்டுச் சட்டப்படி விவாகமே அல்லவென்று 1913-ம் வருஷம் மார்ச் 14-ந்தேதி நீதிபதி ஸர்ல் தீர்ப்பளித்தார். ஒரு நாளில் ஒரு பேனா வீச்சில் ஹிந்து, முஸ்லிம் குடும்பங்களின் விவாகங்களெல்லாம் செல்லாக் காசாயின. மகாத்மாவின் சத்தியாக்கிரகத்தில் ஸ்திரீகள் இறங்கியது அதன் பிறகுதான். கஸ்தூரிபாய் சிறை சென்றார். டிரான்ஸ்வாலிலிருந்து புறப்பட்ட தமிழ்ப் பெண்கள் நியூகாஸில் சுரங்கத் தொழிலாளரிடையே சென்று வேலைநிறுத்தத்தை மூட்டினார்கள். சிறையில் நோய்வாய்ப்பட்டு வெளிவந்த தில்லையாடி வள்ளியம்மை 1914 பிப்ரவரி 22-ந்தேதி, பதினாறு பிராயத்தில், உயிர் நீத்தாள். அதே வருஷத்தில் வந்த இந்தியர் நிவாரணச் சட்டம் ஏகதார விவாகத்தை அங்கீகரித்தது. மூன்று பவுன் தலைவரியும் ஒழிந்தது. அன்று அந்நியன் நம் விவாகத்தை நம்ப மறுத்தான். பெண்கள் சிறை புகுந்தார்கள். இன்று நம் விவாகத்தை நம் ஆபீஸே நம்பாமல் கணவனை நேரில் கொண்டுவா என்கிறபோது நாம் மனுவைச் சுருட்டிக்கொண்டு வீடு திரும்புகிறோம்.

நியாயஸ்தலங்கள் இந்த விஷயத்தில் ஆபீஸ்களைவிட வெகுதூரம் முன்னே சென்றுவிட்டன. ஹரியானாவில் விவாகம் செய்துகொண்டு, ஒருவர் பிரிட்டனிலும் ஒருவர் அமெரிக்காவிலுமாக இருந்த தம்பதிகளை நேரில் வரும்படி வற்புறுத்த வேண்டியதில்லை, வீடியோ மூலம் வந்தால் போதும் என்று பஞ்சாப்-ஹரியானா ஹைக்கோர்ட்டு 2021 மார்ச்சில் தீர்ப்பளித்தது. ஹரியானா சர்க்கார் சுப்ரீம் கோர்ட்டு வரை போயும் பலிக்கவில்லை. அதே வருஷம் செப்டம்பரில் டில்லி ஹைக்கோர்ட்டும், 'நேரில் வருதல்' என்பதில் வீடியோ மூலம் வருவதும் அடங்கும் என்று சொல்லிற்று. அந்த வழக்கின் தம்பதிகள் இருபது வருஷமாகக் குடும்பம் நடத்தி வந்தவர்கள். அமெரிக்காவில் நிரந்தர வாசத்துக்கு மனுச் செய்ய விவாகச் சான்று இல்லாமல் தவித்தவர்கள்.

நமக்கு இன்னும் நெருங்கியது கன்னியாகுமரி ஜில்லா வழக்கு. அங்குள்ள பெண்ணொருத்தியும் அமெரிக்கப் பிரஜையான இந்திய வம்சத்து இளைஞர் ஒருவரும் 1954-ம் வருஷத்து விசேஷ விவாகச் சட்டப்படி மணஞ்செய்துகொள்ள 2022 மே மாதத்தில் மனுச் செய்தார்கள். சட்டப்படி முப்பது நாள் கழிந்தது, இருவரும் நேரிலும் போய் நின்றார்கள், காரியம் நடக்கவில்லை. பிள்ளையின் லீவு முடிந்தது. தம் சார்பில் செயல்படப் பெண்ணுக்கே அதிகாரப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டு அவர் அமெரிக்காவுக்குத் திரும்பினார். மதுரையிலுள்ள ஹைக்கோர்ட்டுக் கிளையில் நீதிபதி ஜி. ஆர். சுவாமிநாதன் 2022 ஜூலையில் அளித்த தீர்ப்பு கவனிக்கத்தக்கது. மூன்று சாட்சிகள் முன்னிலையில் வீடியோ மூலம் விவாகத்தை நடத்தலாம்; அது முடிந்ததும், மணப்பெண் தன் கையொப்பத்தையும், அதிகாரப் பத்திரத்தின் பலத்தில் மணமகன் கையொப்பத்தையும் தானே புஸ்தகத்தில் இடலாம் என்பது தீர்ப்பின் சாரம். எந்த முறையில் விவாகத்தை நடத்திக்கொள்வது என்பதைக் கக்ஷிக்காரர்களே தீர்மானிக்கலாம் என்று அச்சட்டத்தின் 12-வது பிரிவே சொல்லுகிறது. சம்மதத்தை நேரில் பார்த்துக் கேட்டுக்கொள்வது, கையொப்பத்தை இருக்கும் இடத்திலிருந்து வாங்கிக்கொள்வது: கோர்ட்டு செய்தது இவ்வளவுதான்.

ஆனால் ஒவ்வொரு தம்பதியும் மதுரைக்கோ சென்னைக்கோ போய் ரிட் மனுப் போட்டுத்தான் இந்த நியாயத்தைப் பெறவேண்டுமா? அமெரிக்கா சென்ற என்ஜினீயர் வக்கீல் வைப்பார். ஷார்ஜாவில் கம்பி கட்டும் தொழிலாளியின் மனைவி கள்ளக்குறிச்சிக்குப் போக பஸ் சார்ஜை எண்ணிப் பார்க்கிறாள். அவள் ஹைக்கோர்ட்டுக்குப் போவாளா? கோர்ட்டில் ஜெயித்தவருக்கு மட்டும் சலுகை, மற்றவருக்குப் பழைய கதை என்றால், அந்தத் தீர்ப்பைச் சர்க்கார் ஏற்றுக்கொண்டதாக எப்படிச் சொல்வது?

மூன்றாவது ஜாதிக் கையொப்பத்தைப் பற்றியும் ஹைக்கோர்ட்டே பேசும்படி நேர்ந்துவிட்டது. பாஸ்போர்ட்டுக்கு விவாகச் சான்று தேவையில்லையென்று வெளிநாட்டு இலாகா 2016 டிசம்பரிலேயே அறிவித்தது. அப்படியிருக்க, கணவன் விவாகரத்து வழக்குத் தொடர்ந்திருக்கும் ஒரு பெண் சென்னையில் பாஸ்போர்ட்டுக்கு மனுச் செய்தபோது, 'ஜே' படிவத்தில் கணவன் கையொப்பத்தை வாங்கி வரும்படி பாஸ்போர்ட் ஆபீஸ் கேட்டது. கோர்ட்டில் தன்னோடு வழக்காடும் மனிதனிடம் போய் அவள் கையொப்பம் கேட்பதாம்! நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் 2025 ஜூனில் இதைக் கண்டித்து, பாஸ்போர்ட் பெறுவதற்கு மனைவி கணவனிடம் அனுமதி வாங்க வேண்டியதில்லை. கணவன் கையொப்பத்தை வற்புறுத்துவது பெண்ணை ஆணின் உடைமையாகக் கருதும் மனப்பான்மையே என்ற கருத்துப்படத் தீர்ப்பளித்தார். விவாகமானதால் ஸ்திரீ தன் தனித்தன்மையை இழந்துவிடுவதில்லை என்பதும் அதன் சாரம்.

இங்கே ஓர் ஆட்சேபம் எழும். கையொப்பத்தை இவ்வளவு சுலபமாக்கிவிட்டால் மோசடி பெருகாதா? வெளிநாட்டு மாப்பிள்ளை என்று சொல்லி மணந்து, நகையையும் பணத்தையும் சுருட்டிக்கொண்டு, பெண்ணை விட்டுவிட்டுப் போகும் ஆசாமிகள் இல்லையா? இருக்கிறார்கள்; அதை நாம் மறுக்கவில்லை. வெளிநாடு வாழ் இந்தியரின் விவாகத்தை முப்பது நாட்களுக்குள் பதிவு செய்யவேண்டுமென்று 2019 பிப்ரவரியில் ராஜ்ய சபையில் ஒரு மசோதா வந்தது. ஐந்து வருஷங்களாகியும் அது சட்டமாகவில்லை. 2024 பிப்ரவரியில் சட்டக் கமிஷன் தனது 287-வது அறிக்கையில், இதற்கு விரிவான தனிச்சட்டம் வேண்டுமென்றும், பதிவு கட்டாயமாக வேண்டுமென்றும், கணவன் மனைவி பாஸ்போர்ட்டுகளை ஒன்றோடொன்று இணைக்க வேண்டுமென்றும் சிபார்சு செய்தது. முதல் இரண்டும் நல்ல யோசனைகள். கடைசி யோசனையைப் பற்றி நமக்குச் சந்தேகம் உண்டு. ஓடிப்போகும் கணவனைப் பிடிக்க நெய்த வலை, அவன் விட்டுப்போன மனைவியின் காலையே கட்டிவிடலாம். 'ஜே' படிவத்தைக் கொண்டு ஒரு ஆபீஸ் செய்த வேலையைப் பார்த்த பிறகும் இந்தப் பயம் நமக்கு வராமல் இருக்குமா?

மோசடிக்காரன் வேண்டுவது பதிவாகாத விவாகந்தான். பதிவு தாமதமாவது அவனுக்கு அனுகூலம். கணவன் வந்து நின்றால்தான் பதிவு என்று ஆபீஸ் சொன்னால், வராமலிருப்பதே அவனுக்கு ஆயுதமாகிவிடுகிறது. ஆகவே, பந்தலில் நடந்த விவாகத்தைக் கணவன் வரவில்லையென்பதற்காகப் பதிய மறுப்பது மோசடியைத் தடுப்பதாகாது. மோசடிக்குத் துணை போவதாகும். மனைவியின் மனுவைப் பெற்று, கணவனுக்கு நோட்டீஸ் அனுப்பி, சாட்சிகளை விசாரித்து, உத்தரவு போடுவதில் என்ன கஷ்டம்? மனைவிக்கு விசா கொடுக்கச் சொல்லித் தன் சம்பளச் சான்றில் கையெழுத்துப் போடுவதும் போடாததும் கணவன் மனத்தைப் பொறுத்தது. அதை எந்தச் சட்டமும் பலவந்தப்படுத்த முடியாது. அவன் கழுத்தில் மாலை விழுந்தது உண்மையா என்பது அவன் மனத்தைப் பொறுத்ததல்ல.

பிரிந்திருப்பவரின் கையொப்பத்தை நம்பகமாகப் பெறுவதற்குப் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. நமது தூதரக அதிகாரிகள் வெளிநாட்டில் பிரமாண வாக்குமூலம் வாங்கவும், இங்கே நோட்டரி செய்யும் எந்தக் காரியத்தையும் செய்யவும் 1948-ம் வருஷத்துச் சட்டமே அதிகாரம் அளித்திருக்கிறது. அவ்விதம் அங்கே எழுதிய அதிகாரப் பத்திரம் இந்தியாவுக்கு வந்து சேர்ந்த மூன்று மாதங்களுக்குள் ஸ்டாம்பு போட்டுக்கொள்ள 1899-ம் வருஷத்து ஸ்டாம்புச் சட்டம் இடங்கொடுக்கிறது. இந்த மூன்று மாதக் கெடு தெரியாமல் பத்திரத்தைப் பெட்டியில் பூட்டி வைத்துப் பின்னால் திண்டாடுகிறவர்கள் உண்டு. நேயர்கள் இதைத் தங்கள் ஊராருக்குச் சொல்லி வைப்பது நல்லது. சாதாரண மனிதர் எழுதிக்கொடுக்கும் அதிகாரப் பத்திரத்துக்கு 2000-ம் வருஷத்துத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் மின்னணுக் கையொப்பம் செல்லாது; மையால் இட்ட காகிதமே தபாலில் வரவேண்டும். அதையும் தெரிந்துகொண்டு இறங்கினால் வீண் அலைச்சல் குறையும்.

குடியேற்ற விஷயத்தில் கண்டிப்புக்குப் பெயர்போன அமெரிக்காவே இதில் சற்று இளகியிருக்கிறது. மனைவிக்காகக் கணவன் செய்யும் மனுவோடு வைக்கும் 'ஐ-130ஏ' படிவத்தில், வாழ்க்கைத் துணைவர் வெளிநாட்டில் வசித்தால் விவரங்களைப் பூர்த்தி செய்தால் போதும், அவர் கையெழுத்து வேண்டியதில்லை என்று விதித்திருக்கிறார்கள். மையால் இட்ட கையொப்பத்தின் நகலையே ஏற்பதென்று கொள்ளைநோய்க் காலத்தில், 2020 மார்ச்சில் செய்த ஏற்பாட்டை 2022-ல் நிரந்தரமாக்கினார்கள். அந்நிய சர்க்கார் நம் பெண்ணின் நிலைமையை யோசித்துச் செய்ததை நம் ரிஜிஸ்தர் இலாகா செய்யக் கூசுவானேன்?

டில்லியைக் கேட்டுக்கொண்டு நிற்கவேண்டிய காரியமும் அல்ல இது. 2009-ம் வருஷத்துச் சட்டம் நம் சட்டசபை இயற்றியது. 1955-ம் வருஷத்து ஹிந்து விவாகச் சட்டத்தின் 8-வது பிரிவு, பதிவு விதிகளை வகுக்கும் அதிகாரத்தை மாகாண சர்க்காருக்கே கொடுத்திருக்கிறது. விசேஷ விவாகச் சட்டத்திலும் தன் உத்தியோகஸ்தர்களுக்கான விதிகளை வகுக்க மாகாண சர்க்காருக்கு அதிகாரம் உண்டு. வெளிநாட்டிலிருப்பவர் வீடியோ மூலம் தோன்றினால் அது நேரில் வந்ததற்குச் சமம்; தூதரக அதிகாரி முன் இட்ட கையொப்பம் சப்-ரிஜிஸ்திரார் முன் இட்டதற்குச் சமம்; ஒருவர் வராவிட்டால் நோட்டீஸ் கொடுத்து, சாட்சியத்தின்பேரில் குறித்த காலத்துக்குள் பதிவு செய்யலாம் என்று விதி எழுதி, கெஜட்டில் போட்டு, தமிழில் அச்சிட்டு ஒவ்வொரு சப்-ரிஜிஸ்திரார் ஆபீஸ் வாசலிலும் ஒட்டவேண்டும். ஊர்ப்பெயர், முதலெழுத்து வித்தியாசங்களைத் தாசில்தாரின் ஒரே சான்றைக் கொண்டு தீர்த்துக்கொள்ளவும் அதே விதியில் இடஞ்செய்ய வேண்டும். விண்ணப்பத்தைக் கம்ப்யூட்டரில் வாங்கிக்கொள்ளும் இலாகாவுக்கு விண்ணப்பதாரரின் முகத்தையும் அதில் பார்ப்பது பெரிய காரியமல்ல.

கள்ளக்குறிச்சி ஜில்லாவின் சட்டசபை அங்கத்தினர்கள் அடுத்த கூட்டத்தில் ஒரு கேள்வி கேட்கட்டும்: 2022 ஜூலைத் தீர்ப்புக்குப் பிறகு, ஹைக்கோர்ட்டு உத்தரவு இல்லாமல் வீடியோ மூலம் எத்தனை விவாகங்கள் இந்த மாகாணத்தில் பதிவாயின? மந்திரி சொல்லும் எண்ணைக் கேட்க நாமும் ஆவலாயிருக்கிறோம்.